சுல்தான் என்பது பெயர்தான்

தாத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்த சதுரங்கத்தில் ராணி கிடையாது. ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பவர் மந்திரி. சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும், முதல் அடியில் இரண்டு கட்டம் தாண்டுவதெல்லாம் இல்லை. ராஜா கோட்டை கட்ட மாட்டார். ஆனால் ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப்போலத் தாவலாம், அதுவும் அதுவரை 'செக்' வாங்காமல் இருந்தால் மட்டும். சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டால் நாம் கேட்டதெல்லாம் ஆகிவிடாது. யானை நின்ற வரிசையில் போயிருந்தால் யானை, குதிரை வரிசையில் போயிருந்தால் குதிரை. எங்கே பிறந்ததோ அந்த வரிசையின் விதிதான் அதற்கு. சிறுவயதில் இதெல்லாம் எனக்கு விசித்திரமாகப் படவில்லை. பலகை இருந்தது, தாத்தா இருந்தார், தொலைந்துபோன ஒரு சிப்பாய்க்குப் பதிலாக ஒரு ரப்பர் விதை இருந்தது.

படிவம் ஒன்றில் பள்ளியின் சதுரங்கக் கழகத்தில் சேர்ந்தேன். முதல் ஆட்டத்தில் எதிரே இருந்த பையன் ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் நகர்த்தினான். நான் கையைத் தூக்கி ஆசிரியரிடம் புகார் சொன்னேன். அறை முழுக்கச் சிரித்தது. பத்தே நிமிடத்தில் தோற்றேன். அன்று இரவு தாத்தாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அது அவனுங்க ஆட்டம்டா. நம்ம ஆட்டம் வேற" என்றார். அவ்வளவுதான். மறுவாரம் முதல் நான் 'அவனுங்க ஆட்டம்' கற்றுக்கொண்டேன். தாத்தாவோடு ஆடுவது மெல்ல நின்றுபோனது.

அந்த 'நம்ம ஆட்டத்தை' மட்டும் தெரிந்துகொண்டு ஒருவர் 1929இல் லண்டனுக்குப் போய் இறங்கினார் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் பெயர் மீர் சுல்தான் கான். சுல்தான் என்பது பட்டமல்ல, பெயர்தான். ஐரோப்பியப் பத்திரிகைகள் சில இதைக் கேட்டுக் குழம்பியிருக்க வேண்டும். மன்னர் பெயரோடு வந்தவர் இன்னொருவரின் வீட்டோடு சேர்ந்தவராக வந்திருந்தார்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு உடனடிக் காரணம் ஒரு திரைப்படம். எங்கள் வாசிப்புக் குழுவில் மீரா நாயர் இயக்கி 2016இல் வந்த 'குயின் ஆஃப் காட்வே' படத்தைச் சேர்ந்து பார்த்தோம். உகாண்டாவின் கம்பாலா நகரில் காட்வே என்னும் சேரியில் சோளம் விற்ற தாயின் மகள் ஃபியோனா முட்டேசி, ராபர்ட் கட்டெண்டே நடத்திய சதுரங்க வகுப்புக்கு ஒரு கிண்ணம் கஞ்சிக்காகப் போய், ஒலிம்பியாட்வரை ஆடிய உண்மைக் கதை. படம் முடிந்ததும் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். ஒரு தோழி மட்டும், "சதுரங்கக் கதைன்னாலே ஏன் யாராவது பட்டினியா இருக்கணும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. முட்டேசியின் பசி உண்மை, அதில் மிகை எதுவுமில்லை. ஆனால் வறுமையிலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து புகழுக்கு என்ற அச்சு ஒன்று தயாராக இருக்கிறது. அதில் எந்த வாழ்க்கையை ஊற்றினாலும் அதே வடிவத்தில் வெளியே வருகிறது. சுல்தான் கானை அந்த அச்சில் ஊற்றித் தொண்ணூறு வருடம் ஆகிவிட்டது.

அவர் பிறந்தது பஞ்சாபின் மிட்டா திவானா என்னும் ஊரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில். அப்பாவிடம் ஒன்பது வயதில் ஆட்டத்தைக் கற்றார். இருபது வயதை ஒட்டி அந்த மாகாணத்தின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். அந்தப் பகுதியின் பெருநிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் திவானா. பிரிட்டிஷ் படையில் பதவி, மார்பு நிறையப் பதக்கங்கள், வேட்டை நாய்கள், பருந்துகள், அதோடு சதுரங்கப் பித்து. (இவருடைய மகன் கிஸர் ஹயாத் பின்னாளில் பஞ்சாபின் பிரதமரானவர்.) அவர் சுல்தான் கானைத் தம் ஆதரவில் எடுத்துக்கொண்டார். தங்க இடம், சாப்பாடு, மாதப் படி. பதிலுக்குச் சதுரங்கம். 1928இல் அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் எட்டு வெற்றி, ஒரு சமன், தோல்வியே இல்லை என்ற கணக்கில் முதலிடம் பெற்றார். அடுத்த வருடம் ஏப்ரலில் சர் உமர் இந்தியா கவுன்சில் வேலையாக லண்டன் சென்றபோது பரிவாரத்தோடு அவரும் போனார்.

அங்கே அவருக்காகவே ஒரு பயிற்சிப் போட்டி நடத்தினார்கள். அதில் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பெருமையால் அல்ல. கையைத் தூக்கிப் புகார் சொன்ன பையன் ஞாபகம் வந்ததால். சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டும் என்றால் முதல் பத்து நகர்வுகளின் வேகமே வேறு. நாட்டு ஆட்டத்தில் இரு படைகளும் தூரத்தில் நின்று, மெதுவாக அணிவகுத்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கும். ஐரோப்பிய ஆட்டத்தில் நான்காவது நகர்விலேயே கை கலந்துவிடும். அந்தத் தொடக்கங்களுக்கு அங்கே நூறு வருடத்துப் புத்தக அறிவு இருந்தது. இவருக்கு அது கிடையாது. வில்லியம் வின்டர், ஃப்ரெட்ரிக் யேட்ஸ் என்ற இரு முன்னணி ஆட்டக்காரர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சில வாரங்கள்தான். அந்தக் கோடையில் ராம்ஸ்கேட்டில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன் போட்டியில் சுல்தான் கான் வென்றார்.

1932இலும் 1933இலும் மறுபடி வென்றார். அவர் ஆடியது நான்கு முறை, வென்றது மூன்று முறை.

நடுவில் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1930 லீஜ் போட்டியில் தார்த்தகோவருக்கு அடுத்த இரண்டாம் இடம். 1931இல் அதே தார்த்தகோவருடன் பன்னிரண்டு ஆட்டத் தொடரில் வெற்றி. ஹாம்பர்க், பிராக், ஃபோக்ஸ்டன் ஒலிம்பியாட்களில் இங்கிலாந்து அணியின் முதல் பலகை. பிராகில் ரூபின்ஸ்டைனையும் ஃப்ளோரையும் வீழ்த்தினார், உலக சாம்பியன் அலெகினோடு சமன் செய்தார். இந்தியா என்று ஓர் அணி ஒலிம்பியாடில் ஆட 1956 ஆக வேண்டியிருந்தது. 1930 வசந்தத்தில் காந்தி உப்பு எடுக்கத் தண்டிக்கு நடந்தார். அந்தக் கோடையில் ஹாம்பர்க்கில் இங்கிலாந்துக்காக முதல் பலகையில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தவர் ஒரு பஞ்சாபி. இதை யாரும் முரண்பாடாக அன்று எழுதியதாகத் தெரியவில்லை. பேரரசுக்கு அது பெருமைப்படத்தக்க காட்சியாகத்தான் இருந்திருக்கும்.

ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் நின்று பார்க்க வேண்டும். ஹேஸ்டிங்ஸ், 1930-31. எதிரே ஹோசே ராவுல் கபாப்ளாங்கா, முன்னாள் உலக சாம்பியன், தோற்பதே அரிது என்று பெயரெடுத்த கியூபாக்காரர். சுல்தான் கான் வெள்ளைக் காய்கள். இருபத்தொன்றாம் நகர்வில் கபாப்ளாங்கா ஒரு யானையை வெள்ளை ராஜாவின் காலடிவரை அனுப்புகிறார், அடுத்த நகர்வில் இன்னொரு யானையை. கணக்கு முடியும்போது சுல்தான் கான் ராணியை இழந்திருக்கிறார், கபாப்ளாங்கா இரண்டு யானைகளையும் இழந்திருக்கிறார். பலகையில் கறுப்பு ராணி தனியாகச் சுற்றுகிறது. வேறு யாராக இருந்தாலும் இங்கே அவசரப்படுவார்கள். சுல்தான் கான் அவசரப்படவில்லை. கறுப்பு ராணி நுழையக்கூடிய ஒவ்வொரு கதவாகச் சாத்துகிறார். கபாப்ளாங்காவுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல், ராணியைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு மாற்றி மாற்றி வைக்கிறார், கூண்டுக்குள் நடக்கும் புலிபோல. வெள்ளை ராஜா என்ன செய்கிறார் தெரியுமா? உலாவப் போகிறார். இடது பக்கமாக ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து, மூலைக் கட்டம்வரை போய், கொஞ்சம் இருந்துவிட்டு, திரும்பி வருகிறார். அறுபதாம் நகர்வில், புறப்பட்ட அதே கட்டத்தில் வந்து நிற்கிறார். இடையில் யானைகளும் சிப்பாய்களும் வேலையை முடித்திருக்கின்றன. அறுபத்தைந்தாம் நகர்வில் கபாப்ளாங்கா விட்டுக்கொடுக்கிறார்.

சிப்பாய் ஒரு கட்டம் மட்டும் நகரும் ஆட்டத்தில் வளர்ந்தவரின் பொறுமை அது என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த ராஜா நடக்கும் நடையைத் தாத்தாவின் பலகையில் நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு குறைந்த பயிற்சியோடு இவர் இந்த இடத்தை அடைந்ததே மேதைமைக்குச் சான்று என்ற பொருளில் பின்னர் எழுதியவர் கபாப்ளாங்காவேதான். அவர் யாரையும் எளிதில் மேதை என்று சொல்கிறவர் இல்லை.

இனி அந்த விருந்துக்கு வருகிறேன். சுல்தான் கான் கதையை யார் சொன்னாலும் இந்த விருந்து வரும். 1933இல் ஃபோக்ஸ்டன் ஒலிம்பியாடை வென்ற அமெரிக்க அணியை சர் உமர் லண்டனில் தம் வீட்டுக்கு அழைக்கிறார். அணியில் இருந்த ரூபன் ஃபைன் பின்னாளில் இதை எழுதினார். வந்தவர்களிடம் சர் உமர், நீங்கள் இங்கே வந்திருப்பது உங்களுக்குக் கிடைத்த கௌரவம், வழக்கமாக நான் என் வேட்டை நாய்களோடு மட்டும்தான் பேசுவேன் என்கிற தோரணையில் வரவேற்றாராம். தம் வாழ்க்கை வரலாற்றை அச்சடித்துக் கையில் கொடுத்தாராம். பிறகு சாப்பாடு வந்தது. பரிமாறியவர் சுல்தான் கான். சில நாள்களுக்கு முன் எதிர்ப்பலகையில் உட்கார்ந்திருந்த மாபெரும் ஆட்டக்காரர் தங்களுக்குத் தட்டு எடுத்துவைப்பதைப் பார்த்து அமெரிக்கர்கள் நெளிந்தார்கள்.

இந்தக் காட்சி உலகம் முழுக்கப் பரவியது. வேலைக்காரன், படிப்பறிவில்லாதவன், மேதை. 2020இல் டேனியல் கிங் எழுதி வெளிவந்த வரலாற்று நூலின் துணைத்தலைப்பே, பிரிட்டிஷ் பேரரசின் சாம்பியனான இந்திய வேலைக்காரர் என்றுதான் அவரைச் சொன்னது. அதற்குப் பிறகு சுல்தான் கானின் பேத்தி, அவரும் வரலாறு படித்தவர், மறுத்து எழுதினார். தாத்தா வேலைக்காரர் அல்ல. நிலம் உள்ள, சமய மரியாதை உள்ள குடும்பம். எழுதப் படிக்கத் தெரிந்தவர். சர் உமர் அவருக்கு எஜமானர் அல்ல, புரவலர்.

முதலில் படித்தபோது எனக்கு இது குடும்பப் பெருமைபோலத்தான் பட்டது. அதற்கு என்னிடம் ஒரு காரணமும் இருந்தது.

என் தாத்தா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தொரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். அத்தையிடம் யாராவது "தாத்தா தொரை வீட்ல வேலைக்காரரா இருந்தாரா?" என்று கேட்டால் போதும், முகம் மாறிவிடும். "வேலைக்காரர் இல்ல. குக். தனி வீடு, தனிச் சம்பளம். பால்மரம் வெட்டப் போனவங்கல்லாம் அவரைப் பாத்தா எழுந்து நிப்பாங்க." வீட்டில் இன்னொரு கதையும் உண்டு. தாத்தா ஒருமுறை தொரையையே சதுரங்கத்தில் தோற்கடித்தார் என்று. சித்தப்பா அதை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். அத்தை ஒவ்வொரு தீபாவளிக்கும் மறுப்பார்: "தொரைகூட சரிக்குச் சமமா உக்காந்து ஆட யாரு விட்டா?" வேலைக்காரர் இல்லை என்று அடித்துச் சொல்வதும் அத்தைதான், சமமாக உட்கார முடியாது என்பதும் அத்தைதான். இரண்டும் அவருக்கு ஒரே நேரத்தில் உண்மை.

அந்த முரணை நான் கிண்டல் செய்த காலம் உண்டு. இப்போது பேத்தியின் மறுப்பை மறுபடி படிக்கும்போது அத்தையின் குரல் கேட்கிறது. வேலைக்காரன் என்ற சொல்லை ஐரோப்பியக் கண் பார்த்த விதம் ஒன்று. எஜமானர், பணியாள் என்ற இரண்டே தட்டுகள்தான் அதற்குத் தெரியும். தம் ஊரிலிருந்து வந்த பெரிய மனிதரின் விருந்தாளிகளுக்கு, அவர் ஆதரவில் இருக்கும் ஒருவர் உணவு எடுத்து வைப்பது நம் வீடுகளில் பணிவாகவும் இருக்கலாம், உபசாரமாகவும் இருக்கலாம். ஃபைன் பார்த்ததைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அவர் பார்த்ததன் பெயர் என்ன என்பதில்தான் தகராறு. அதே சமயம் புரவலர் என்ற சொல்லும் என் தொண்டையில் சிக்குகிறது. எப்போது லண்டன் போவது, எப்போது திரும்புவது, எந்தப் போட்டியில் ஆடுவது என்பதெல்லாம் சர் உமரின் பயணத் திட்டத்தைப் பொறுத்ததுதானே. 1933 முடிவில் சர் உமர் ஊர் திரும்பினார். பிரிட்டிஷ் சாம்பியனும் திரும்பினார். முப்பது வயதுக்குப் பக்கத்தில், ஆட்டத்தின் உச்சியில்.

அந்த வீட்டிலிருந்து இன்னொருவரும் ஆடினார் என்பதைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஃபாத்திமா. அவரும் சர் உமரின் பரிவாரத்தில் வந்தவர். 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் போட்டியில் பத்து வெற்றி, ஒரு சமன், தோல்வி கிடையாது, அடுத்து வந்தவரைவிட மூன்று புள்ளி அதிகம். அதற்குப் பிறகு அவர் பெயர் போட்டிப் பட்டியல்களில் இல்லை. சுல்தான் கானுக்காக வருந்தும் கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கு வருத்தம்கூட ஃபாத்திமாவுக்கு ஒதுக்கப்படுவதில்லை. இந்தக் கட்டுரையும் அதே தவற்றைத்தான் செய்கிறது.

திரும்பிப்போனதில் சுல்தான் கானுக்கு வருத்தமா? இங்கேதான் அந்த அச்சு உடைகிறது. அச்சின்படி அவர் ஏங்கியிருக்க வேண்டும். ஆனால் இங்கிலாந்தின் குளிர் அவரை வாட்டியெடுத்தது. காய்ச்சல், சளி, தொண்டைப் புண், கழுத்தில் துணி சுற்றிக்கொண்டுதான் பல ஆட்டங்களுக்கு வந்தார். 1935இல் காதில்கருடன் பத்து ஆட்டத் தொடர் ஒன்றில் ஒரே ஒரு சமன் மட்டும் கொடுத்து மற்ற ஒன்பதையும் வென்றார். அதன்பின் பெரிய ஆட்டம் ஏதுமில்லை. 1944இல் சர் உமர் இறந்தார். 1947இல் ஊர் பாகிஸ்தானில் போனது. சுல்தான் கான் சர்கோதா பக்கம் தம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வாழ்ந்து, 1966 ஏப்ரலில் இறந்தார். பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்க மறுத்தார் என்று மூத்த மகன் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். வாழ்க்கையில் இதைவிடப் பயனுள்ளதாக ஏதாவது செய்யுங்கள் என்றாராம்.

இந்தச் செய்தியில் நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டு நின்றேன். சதுரங்கம் ஒருவனுக்கு வாழ்க்கையின் பொருளைத் தந்தது என்று எழுத உட்கார்ந்தால், அந்த ஆளே வந்து அடித்துவிட்டுப் போகிறார். கசப்பில் சொன்னாரா, நிறைவில் சொன்னாரா? நிலமும் பிள்ளைகளும் உள்ள ஒருவர், ஐந்து வருடம் வெளியூரில் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தவரின் சாதாரணத்தோடு சொல்லியிருக்கவும் கூடும். நமக்குத்தான் அது ஐந்து வருடப் புராணம். அவருக்கு அறுபது வருட வாழ்க்கையில் ஒரு துண்டு.

கசப்புக்கும் இடமுண்டு. 1950இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அதிகாரபூர்வமாக வழங்கத் தொடங்கியபோது, ஓய்வுபெற்ற பழைய ஆட்டக்காரர்களுக்கும் கொடுத்தது. ரூபின்ஸ்டைனுக்குக் கிடைத்தது. தார்த்தகோவருக்குக் கிடைத்தது. இருவரும் சுல்தான் கானிடம் தோற்றவர்கள். அவரோ உயிரோடு, சர்கோதாவில், இன்னும் பதினாறு வருடம் இருந்தார். கிராண்ட்மாஸ்டர் என்ன, அதற்குக் கீழே உள்ள பட்டம்கூட வரவில்லை. பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவேல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனபோது நம் ஊர்ப் போட்டிகள் பலவற்றில் நாட்டு விதிகளே இன்னும் ஓய்ந்திருக்கவில்லை. விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனது 1988இல். 2024 பிப்ரவரியில் கூட்டமைப்பின் தலைவர் இஸ்லாமாபாத் சென்று சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அறிவித்தார். சான்றிதழை வாங்கிக்கொண்டவர் பாகிஸ்தானின் அப்போதைய இடைக்காலப் பிரதமர். இறந்து ஐம்பத்தெட்டு வருடம் ஆகவிருந்தது.

அந்தச் செய்தி வந்த வாரம் அத்தை வீட்டுக்குப் போனேன். தாத்தாவின் பலகை அங்கேதான் இருக்கிறது, அலமாரிக்கு மேலே, பழைய மைலோ டின்னில் காய்கள். கபாப்ளாங்கா ஆட்டத்தை நகர்வு நகர்வாக வைத்துப் பார்த்தேன். ரப்பர் விதைதான் ராஜா பக்கத்துச் சிப்பாய். வெள்ளை ராஜா மூலைக்குப் போய்த் திரும்பத் தொடங்கியபோது அத்தை சமையலறையிலிருந்து வந்து, துணியில் கையைத் துடைத்தபடி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"யாரு ஆட்டம்?"

சொன்னேன். லண்டன், விருந்து, தட்டு எல்லாம்.

"பரிமாறினா என்ன? அவரும் அப்புறமா சாப்பிட்டாரா, அத எழுதியிருக்காங்களா?" என்றார்.

எழுதியிருக்கவில்லை.